செவ்வந்திக்கு ஒரு நோவும் இல்லை

டாக்டர் திரையில் வந்து "அம்மா, கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். செவ்வந்தி அப்போதுதான் உள்ளங்கையில் பவுடரைக் கொட்டிக்கொண்டிருப்பாள். நெற்றியில் தொடங்கி மோவாய் வரைக்கும் ஒரே இழுப்பு. பிறகு பொட்டைச் சரி செய்வாள். தலையில் வைத்த பூவை, முன்னாலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி தோளுக்கு இழுத்துவிடுவாள். "கொஞ்சம் இருங்க சார், வந்துக்கினே கீறேன்" என்று, அவர் என்னவோ வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்பது போலக் குரல் கொடுப்பாள். நகரத்தில் அந்த இதய மருத்துவரைப் பார்க்க ஜனங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு காத்துக் கிடக்கிறார்கள். வியாழக்கிழமைகளில் கல்வராயன் மலைக்கு முன்னால் அவர் காத்துக் கிடப்பார்.

"நெஞ்சதான்டி பாக்கறாரு அவரு. மூஞ்சிக்கு எதுக்கு இம்மா பவுடரு?" என்று கேட்பாள் பாப்பாத்தி. செவ்வந்தியின் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரி. வயதில் மூத்தவள், துணைக்கு வருகிறேன் என்று வந்து வேடிக்கை பார்க்கிறவள்.

"நெஞ்ச பாக்கறவரு மூஞ்ச பாக்க மாட்டாரா? போன்ல பேசறப்ப மொகம் வாடக்கூடாதுக்கா."

இது அவளாகச் சொல்வதல்ல. மலையில் இது சட்டம். இங்கே பாதி வீடுகளில் ஆண்கள் குடகுக் காப்பித் தோட்டங்களில் இருக்கிறார்கள். சாயங்காலமானால் வீடியோ கால் வரும். வந்துவிட்டால் காய்ச்சலில் சுருண்டு கிடப்பவள்கூட எழுந்து தலையை வாரிக்கொண்டு சிரிக்க வேண்டும். வீரமுத்து என்பவரின் மனைவி கை ஒடிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்த காலம் முழுவதும் முந்தானைக்குள் கையை மறைத்தபடியே அவரோடு பேசினாள். கட்டுப் பிரித்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரியும். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். செவ்வந்தி என்னை ஒரு விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அம்மாந் தூரத்துல கீறவன் கேட்டுட்டு இன்னா பண்ணுவான் தம்பி? சோறு எறங்காம கெடப்பான். இல்லன்னா கெடைக்கிற வண்டி ஏறி ஓடியாருவான். நோவ நேர்ல சொல்லணும். போன்ல சொன்னா அது வேற மாரி பெரிசாத் தெரியும்."

நேரில் சொல்ல வேண்டியதைத் திரையில் சொல்லக் கூடாது. டாக்டரோ திரையில்தான் இருக்கிறார். இந்தத் தொலைமருத்துவத் திட்டத்தைத் தீட்டியவர்கள் மேகமூட்டத்தை யோசித்தார்கள், மின்வெட்டை யோசித்தார்கள், அதற்கொரு பேட்டரியும் கொடுத்து அனுப்பினார்கள். இதை யாரும் யோசிக்கவில்லை.

கரியாலூர் அருவிக்குப் போகிற வழியில், வளைவு திரும்பினதும் அவள் கடை. கடை என்றால் நாலு கம்பு, ஒரு நீலத் தார்ப்பாய், ஒரு பலகை. வேக வைத்த மரவள்ளிக் கிழங்கு, மிளகாய்ப் பொடி உப்பில் புரட்டிய நெல்லிக்காய், பருவத்தில் பலாச்சுளை. சரக்கைவிட அவள் அதிகம் விற்பது மலையின் ஆரோக்கியத்தைத்தான். பாண்டிச்சேரியிலிருந்து பைக்கில் வருகிற பையன்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால் போதும், ஆரம்பித்துவிடுவாள். "இன்னா சார், வண்டி ஏறுனதுக்கே இப்பிடி ஆயிட்டீங்க? எங்களப் பாருங்க. மாத்திரன்னா செவப்பா வெள்ளையான்னு தெரியாது. இந்த நெல்லிய ரெண்டு வாயில போடுங்க, ஆஸ்பத்திரி பக்கமே போக மாட்டீங்க." ஏழு மாத வயிற்றோடு அவள் இதைச் சொல்லும்போது அந்தப் பையன்களால் நம்பாமல் இருக்க முடியாது. நெல்லிக்காயும் வாங்குவார்கள், அவளோடு நின்று படமும் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படங்கள் ஏதேதோ ஊர்களில், மலைவாழ்க்கையின் மகிமை பற்றிய நாலு வரிகளோடு சுற்றிக்கொண்டிருக்கும்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளின் இதயத்தைத் தொலைவிலிருந்து பரிசோதிக்கும் ஒரு திட்டத்தில் டேப்லெட்டுக்குப் பொறுப்பாளன் நான். எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி; அதுவும் இயற்பியல். கச்சிராயபாளையத்தில் என் அம்மா, "எம்புள்ள ஹார்ட்டு டாக்டருகூட கீறான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. டாக்டர் திரையில் இருக்கிறார். திரையை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏற்பாடு எளிமையானது. துணை சுகாதார நிலையத்தின் வராண்டாவில் நாற்காலி. கிராம செவிலியர் மலர்விழி, தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைக் கர்ப்பிணியின் நெஞ்சில் ஒட்டுவார். கருவியிலிருந்து ஒரு ஒயர் டேப்லெட்டுக்கு வரும். இதயத்தின் சத்தம் அதன் வழியாக நகரத்துக்குப் போகும். டாக்டர் கேட்பார், பிறகு கேள்விகள் கேட்பார். கேள்விகள் நல்ல கேள்விகள். நல்ல கட்டிடங்களில் உட்கார்ந்து எழுதியவை என்பதில் சந்தேகமே இல்லை.

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதாம்மா?"

"எங்கூர்ல மாடியே இல்லீங்க சார்."

"சரி. இல்லைன்னு வச்சுக்கலாம்." திரையில் ஒரு பச்சைக் குறி விழுந்தது.

"தூங்கும்போது தலைக்கு எத்தனை தலையணை வச்சுக்குவீங்க? ஒண்ணா, ரெண்டா, அதுக்கு மேலயா?"

"தலகாணியே இல்லீங்க."

மருத்துவர் மகிழ்ந்துபோனார். இதயம் பலவீனமானவர்களுக்குப் படுத்தால் மூச்சு முட்டும். ஆகவே தலையை உயர்த்தி உயர்த்தி, தலையணைக்கு மேல் தலையணை வைப்பார்கள். ஒன்று கூட இல்லாதவள் எவ்வளவு நலமாக இருக்க வேண்டும்! அடுத்த பச்சைக் குறி.

"சின்ன வயசுல மூட்டு வீங்கி, காய்ச்சல் வந்து ரொம்ப நாள் படுத்திருக்கீங்களா?"

"சின்னதுல யாருக்கு சார் காச்ச வராம கீது? அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லா கீறேன். நீங்க சாப்ட்டீங்களா?"

டாக்டர் தடுமாறிவிட்டார். அவருடைய கேள்விப் பட்டியலில் நோயாளி திருப்பிக் கேட்பதற்கு இடமில்லை. "சாப்பிட்டேம்மா" என்றார். "இன்னா சாப்ட்டீங்க?" என்றாள் செவ்வந்தி. போனில் பேசுகிறவர்கள் அதைக் கேட்காமல் வைப்பது மரியாதை இல்லை. இட்லி என்று அவர் ஒப்புக்கொள்ளும் வரைக்கும் விடவில்லை.

அன்றைக்கு வராண்டாவின் தகரக் கூரைமேல் மழை வேறு. நெஞ்சிலிருந்து வந்த சத்தத்தில் ஏதோ ஒரு உறுமல் இருப்பது போலத் தெரிகிறது என்றார் டாக்டர். மழையா, மனிதரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அறிகுறி ஒன்றும் இல்லாததால் அடுத்த வாரம் மறுபடி கேட்கலாம் என்று முடித்தார்.

கடைசியாக, சேவை எப்படி இருந்தது என்று டேப்லெட் கேட்கும். அழுகிற முகத்திலிருந்து பல் தெரியச் சிரிக்கிற முகம் வரைக்கும் வரிசையாக முகங்கள் வரும். ஒன்றைத் தொட வேண்டும். செவ்வந்தி யோசிக்காமல் பெரிய சிரிப்பைத் தொடுவாள். "பாவம், எந்நேரமும் ஒரே எடத்துல குந்திக்கினு கீறாரு. அவுருக்கு மேலேர்ந்து எதுனா திட்டு வந்துறப் போவுது." மலையில் எல்லாருமே பெரிய சிரிப்பைத்தான் தொட்டார்கள். பயனாளிகள் முழுத் திருப்தி என்று அது வண்ணப்படமாகி, ஒரு கூட்டத்தில் திரையிடப்பட்டு, கைதட்டலும் வாங்கியது.

செவ்வந்தி வாயாடி என்பதில் மலையில் இரண்டு கருத்து இல்லை. வீட்டிலிருந்து கடைக்கு ஏறி வருகிற வழியில் ஒவ்வொரு மேட்டிலும் நின்றுவிடுவாள். எதிரே வருகிறவரிடம் பேச்சுக் கொடுப்பாள். யாரும் வராவிட்டால் மேய்கிற ஆட்டைப் பிடித்துத் திட்டுவாள். "எவ வூட்டு ஆடுடி நீயி? வயித்த பாரு, குந்தாணி மாரி!" ஆடும் நின்று கேட்கும். பிறகு கொஞ்சம் ஏறுவாள், மறுபடி நிற்பாள், கொண்டையை அவிழ்த்து முடிவாள். "வாய்க்கு வேல வெச்சிக்கினே வந்தா கால் எப்பிடி நடக்கும்?" என்று பாப்பாத்தி மேலேயிருந்து கத்துவாள். எல்லாரும் சிரிப்போம். அவள் பேசுவதற்காக நிற்கிறாள் என்றுதான் ஊரே நினைத்திருந்தது. அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை மழை இல்லை. பவுடர் ஆயிற்று, பூ ஆயிற்று. மலர்விழி கருவியை நன்றாக அழுத்தி ஒட்டினார். இதயத்தின் சத்தம் டேப்லெட்டில் தெளிவாக வந்தது. டாக்டர் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, வாய் பாதி பிளந்தபடி திரையில் உறைந்துபோனார்.

"போச்சு" என்றாள் பாப்பாத்தி. "டவரு பூட்ச்சி."

டவர் எங்கே இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். நிலையத்துக்குப் பின்னால் ஒரு மேடு, அதன்மேல் ஒரு பாறை. காதலிப்பவர்களும் ரேஷன் கார்டுக்குக் கைரேகை வைக்கிறவர்களும் அங்கேதான் போவார்கள். நான் டேப்லெட்டோடு கிளம்பினேன். ஒயர் இழுத்தது; மறுமுனை செவ்வந்தியின் நெஞ்சில்.

"பிரிக்காதீங்க தம்பி, இன்னிக்குதான் நல்லா ஒட்டியிருக்கு" என்றார் மலர்விழி. "அவளயும் மெதுவா கூட்டிக்கினு போவலாம்."

"இன்னா மெதுவா? குடு இங்க." செவ்வந்தி டேப்லெட்டை என் கையிலிருந்து பிடுங்கி, உறைந்த டாக்டரை இடுப்பில் குழந்தையைப் போல இடுக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

வழக்கமாக நின்று பேசுகிறவள் அன்றைக்குப் பேசவில்லை. எதிரே யாருமில்லை, ஆடும் இல்லை. பாதி மேட்டில் ஒரு நுணா மரத்தைப் பிடித்துக்கொண்டாள். பவுடர் கரைந்து கோடு கோடாக இறங்கியது. உதடு வெளுத்திருந்தது. இருமினாள், இருமல் நிற்கவில்லை. அப்படியே வேரின்மேல் உட்கார்ந்தாள்.

"இன்னாடி பண்ணுது?" மலர்விழி ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்... கொஞ்சம் இரு... மூச்சு வுட்டுக்கறேன்." நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "இது கெடந்து அடிச்சிக்குது. ராவுலயும் இதான். படுத்தா, கெணத்துல முங்குனாப்புல மூச்சு முட்டுது."

"படுக்கறா எங்க?" என்றாள் பின்னால் வந்த பாப்பாத்தி, சிரிக்காமல். "சாமை மூட்டைல சாஞ்சி குந்திக்கினேதான் தூங்கறா. எம்மா நாளா. கேட்டா, வயிறு பெரிசா கீது, அதான்னா."

"அடிப்பாவி. இத டாக்டருகிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"போன்லயா?" செவ்வந்தி நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாகவே அதிர்ந்துபோயிருந்தாள். "போன்ல எப்பிடி சிஸ்டர் சொல்றது? எங்கியோ கீறாரு மனுசன். கேட்டுட்டு அவுரு இன்னா பண்ணுவாரு?"

"சொல்லுங்கம்மா" என்றது இடுப்புப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

டேப்லெட் கைநழுவியது, நான் பாய்ந்து பிடித்தேன். உறைந்தது எங்களுக்குத் தெரிந்த டாக்டரின் படம்தான். எங்களுடைய படமும் சத்தமும் அங்கே போய்க்கொண்டேதான் இருந்திருக்கின்றன. மரம், வானம், புடவை மடிப்பு, மூச்சு, இருமல், கிணறு, சாமை மூட்டை எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. இத்தனை வாரங்களில் முதன்முறையாகத் தொலைமருத்துவம் வேலை செய்திருந்தது. இணைப்பு அறுந்துவிட்டது என்று நோயாளி நம்பியதால்.

செவ்வந்திக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார் இது நாயம்? ஒரு பொம்பள மூச்சு வாங்கிக்கினு குந்தியிருக்கறத சொல்லாம கொள்ளாம பாத்துக்கினு இருப்பீங்களா? ஒரு வார்த்த, 'இருக்கறேன்'னு சொல்ல வேணாம்?"

"மன்னிச்சுக்கோங்கம்மா. ஹலோ ஹலோன்னு கத்தினேன். உங்களுக்குக் கேக்கல." டாக்டரின் முகம் இப்போது அசைந்தது. "அந்த சாமை மூட்டை... எவ்வளவு பெருசு?"

அவள் கையால் காட்டினாள், தன் தோள் உயரத்துக்கு. கேள்விப் பட்டியலில் மூட்டைக்கு இடமில்லை. டாக்டர் பட்டியலை மூடிவிட்டார் போலிருக்கிறது. ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் கேட்டது எதுவும் எழுதி வைத்த கேள்வி மாதிரி இல்லை. பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, அவள் நெஞ்சை நெடுநேரம் கேட்டார். நாங்கள் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

"இதயத்துக்குள்ள கதவு மாதிரி இருக்கும்மா" என்றார். "உங்களுக்கு அதுல ஒண்ணு சரியாத் தொறக்கல. சின்ன வயசுக் காய்ச்சல்ல சுருங்கியிருக்கலாம். இப்ப உள்ள ஒரு உயிர் வளருது. ரத்தம் அதிகமாகுது, வாசல் சின்னது. அதான் முட்டுது. இன்னைக்கே கள்ளக்குறிச்சிக்குப் போய் ஸ்கேன் எடுக்கணும். அங்கேயே தங்கணும். பிரசவம் மலையில வேண்டாம்."

"இன்னிக்கேவா? ஞாயித்துக்கெழம கூட்டம் வரும் சார். கெழங்கு தோண்டி வெச்சிட்டேன். மூத்தத பெத்துட்டு மறு வாரமே காட்டுல நின்னவ நானு."

"அது அப்போம்மா."

"மாத்திர குடுங்க, சாப்பிடறேன். அப்புறம் பாத்துக்கலாம்."

"செவ்வந்தி." டாக்டர் முதன்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "பிரசவ வலி நேரத்துல இந்த இதயம் தாங்காமப் போகலாம். நான் இங்கேருந்து பார்த்துக்கிட்டுதான் இருக்க முடியும். கையை நீட்ட முடியாது."

அவள் வயிற்றைப் பார்த்தாள். "புள்ளைக்கு?"

"ரெண்டு பேருக்கும்தான்."

நெல்லிக்காய் விற்கிற குரல் அதற்குப் பிறகு வரவில்லை. மலர்விழி ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார். மூத்த பெண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் பாப்பாத்தி. ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள் வேண்டும், கையெழுத்துப் போடவும் வேண்டும். மாமியார் இல்லை, தாய் வீடு மலைக்கு அந்தப் பக்கம். "உங்க வூட்டுக்காரர வரச் சொல்லு" என்றார் மலர்விழி. மலையிறங்கச் சொன்னபோதுகூடச் செவ்வந்தி அப்படி முகம் சுளிக்கவில்லை.

"அவுருக்கு எதுக்கு? நான் பாத்துக்கறேன்."

"நீயே சொல்லு. இல்லன்னா நான் சொல்றேன். நான் சொன்னா பயந்துடுவாரு."

ஆம்புலன்ஸ் வந்து, கீழே ரோட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. மரத்தடி வேரிலேயே அவளை மெல்ல நிமிர்த்தி உட்கார வைத்தோம். மலர்விழி கருவியைப் பிரித்தெடுத்தார். தன் போனில் வீடியோ காலைப் போட்டாள் செவ்வந்தி. போடுவதற்கு முன் கை தானாகத் தலைக்குப் போய்ப் பூவைத் தேடியது. பூ வழியில் எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

அவள் வீட்டுக்காரர் இருசப்பன் திரையில் வந்தார். பின்னால் காப்பிச் செடிகள், தலையில் முண்டாசு. "இன்னா புள்ள, இந்நேரத்துல? இன்னா பின்னால கூட்டமா கீது?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதை அவள் செய்யவில்லை. அது தானாக நடந்தது. "சும்மா மாமா. செக்கப்பு. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீ நல்லா கீறியா?"

"எனக்கு இன்னா, நல்லா கீறேன்."

"சொல்லுடி" என்றாள் பாப்பாத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு. கீழே ஆம்புலன்ஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். என் கையிலிருந்த டேப்லெட்டில் டாக்டர், "வேணும்னா நான் பேசட்டுமாம்மா? எடுத்துச் சொல்றேன்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க சார், வூட்டுக்காரரு பேசிக்கினு கீறாரு" என்று அவரை அடக்கினாள். அவர் அடங்கினார்.

"யாரு புள்ள அது, ஆம்பள கொரலு?"

"டாக்டரு மாமா."

"டாக்டரா? எதுக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். அங்கே அவர் முண்டாசை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "கெழங்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். சிரிப்பு மட்டும் இன்னும் முகத்தில் இருந்தது, எடுக்க மறந்தது போல.

பிறகு போனை முகத்துக்கு நேரே இருந்து இறக்கினாள். திரையை உள்பக்கமாகத் திருப்பி, இடது பக்கம் நெஞ்சின்மேல், கருவி ஒட்டியிருந்த இடத்தில் வைத்தாள்.

"இன்னா புள்ள, ஒரே இருட்டா கீது? ஒண்ணும் தெரியலியே... ஏ, செவ்வந்தி?" புடவைக்குள்ளிருந்து இருசப்பனின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டு கைகளாலும் போனை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.